கேப்பர்கெய்லி படமெடுக்க ஒற்றையாள் ஹைடு: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

ஒருவர் படுத்துறங்கும் அளவுள்ள, மறைந்திருந்து படமெடுப்பதற்கான தாழ்வான ஹைடு கூடாரத்தை, பின்லாந்து, சுவீடன் பைன் காடுகளில் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி இனத்தின் சேவல்கள் பெட்டைகளைக் கவரக் கூடி ஆடும் லெக் களங்களில் பல பருவங்கள் பயன்படுத்தியதில் தேறிய முடிவு இது: இந்தப் பறவைக்கு லென்ஸை விடக் கூடாரத் துணிதான் முக்கியம்.

காரணம் பறவையின் வழக்கம். சேவல்கள் முந்தின மாலையே களத்தை ஒட்டிய மரங்களில் வந்து அடையும். விடியுமுன் கிளையில் இருந்தே பாடத் தொடங்கி, பிறகு தரையிறங்கும். ஆகவே பிற்பகலிலேயே உள்ளே போய்விட வேண்டும். மறுநாள் கடைசிப் பறவை தானாகக் கிளம்பிய பிறகுதான் வெளியே வரலாம். இடையில் எழும் ஒவ்வொரு சத்தமும் பறவைக்குக் கேட்கும்.

வழுவழுப்பான நைலான் துணி புரண்டு படுத்தாலே சரசரக்கும். பருத்தி கலந்த கனமான துணி ஈரத்தில் எடை கூடினாலும் சத்தம் போடாது. ஜன்னல் மடிப்பில் இருந்த வெல்க்ரோவைப் பிரித்தெடுத்துவிட்டுப் பொத்தான் தைப்பது முதல் வேலை. ஜிப்பில் மெழுகுவத்தி தேய்த்தால் மென்மையாக ஓடும். துணி காற்றில் படபடக்காமல் கயிறுகளை இறுக்கிக் கட்டி, கீழ் ஓரத்தில் காய்ந்த கிளைகளைப் பாரமாக வைக்க வேண்டும்.

பெரிய குறை ஈரம். ஒற்றைத் துணிக் கூரையில் மூச்சுக்காற்று உறைந்து, விடியலில் சொட்டும். பறவை வராத பக்கத்து மேல் துவாரத்தை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் பாதி குறையும். கேமராவைத் தூக்கப் பைக்குள் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கேமராவில் பனிமூட்டமாகப் படியும். பேட்டரி மட்டும் உடம்போடு இருக்கட்டும். தரையின் குளிருக்கு ஒரு பாய் போதாது, இரண்டு வேண்டும்.

பாட்டைக் கவனித்தால் அசைய நேரம் கிடைக்கும். முதலில் டக், டக் என்ற தட்டல். அது வேகமெடுத்து, தக்கை கழன்றது போன்ற ஒரு ‘டப்’. உடனே சில நொடிகள் சாணை பிடிப்பது போன்ற ஒலி. அந்தச் சில நொடிகளில் சேவலுக்குக் காது அநேகமாகக் கேட்காது. லென்ஸைத் திருப்புவது, காலை நீட்டுவது எல்லாம் அப்போதுதான்.

500 மி.மீ. நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸ் இங்கே பலமுறை நீளமாகிவிடுகிறது. நான்கு கிலோ எடையுள்ள சேவல் வாலை விரித்து ஆறேழு மீட்டரில் நின்றால் ஃபிரேமில் அடங்காது; 100-400 ஜூம் தான் வசதி. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர் அவசியம்; ஆனால் தரவை மெதுவாகப் படிக்கும் சென்சாரில், சேவல் சிறகடித்துத் துள்ளும்போது இறகுகள் வளைந்து பதிவாகும். முதல் வெளிச்சத்தில் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 6400 தான் கிடைக்கும். பாடும்போது தொண்டையும் தலையும் அதிர்வதால், பாட்டின் இடைவெளியில் அழுத்துங்கள். பனியில்லாத தரையில் கரிய உடலைப் பார்த்து கேமராவின் ஒளிமானி ஏமாறும்; ஒளிப்பதிவை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைத்தால்தான் வெளிறிய அலகும் தோளின் வெள்ளைப் புள்ளியும் தப்பும். மார்பின் பச்சை மினுக்கம் பக்கவாட்டு ஒளியில்தான் தெரியும்.

ஸ்காட்லாந்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அற்றுப்போன இந்தப் பறவை 1837-இல் சுவீடனிலிருந்து மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பின் மதிப்பீடு வெறும் 542 பறவைகள். லெக்கில் ஆடும் பறவையைத் தெரிந்தோ அசட்டையாகவோ தொந்தரவு செய்வது அங்கே குற்றம். பெட்டைகள் களத்துக்கு வருவதே பருவத்தில் சில நாட்கள்தான். அதில் ஒரு காலை கெட்டால்கூட இழப்பு பெரிது.

மனிதரையே எதிர்த்து வரும் சேவல்களும் உண்டு. கூடாரம் இல்லாமலே நெருக்கமான படம் கிடைக்கும் என்று அதைத் தூண்டிவிடாதீர்கள். பறவை தன் பலத்தை வீணாக்கும். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, அதன் எல்லையை விட்டு விலகிவிடுங்கள்.