ஏழு பிளவுகளும் ஒரு வளைவும்

பிஎம்டபிள்யூ காரின் பின்கதவுக் கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கூரையோடு சேர்ந்து பின்னோக்கிச் சரிந்து வரும் விளிம்பு, அடியைத் தொடும் இடத்தில் சட்டென்று முன்பக்கம் மடங்கும். 1961இல் பிஎம்டபிள்யூ 1500 அறிமுகமானபோது வடிவமைப்புக்குத் தலைமை வகித்த வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயரால் இதை ‘ஹோஃப்மைஸ்டர் வளைவு’ என்கிறார்கள். ஜீப்பின் அடையாளத்தைத் தேட வேண்டியதில்லை. இரண்டு வட்ட விளக்குகள், நடுவில் செங்குத்தாக ஏழு பிளவுகள். இந்த இரண்டில் எது வலுவான அடையாளம் என்பதுதான் கேள்வி.

பூர்வீகம் கேட்டால் இரண்டுமே தடுமாறும். அமெரிக்காவின் கைசர் கார்களில் 1951லேயே இப்படி ஒரு வளைவு இருந்தது. ஜீப்பின் கதை இன்னும் வேடிக்கை. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முகப்பில் முதலில் இருந்தவை பற்றவைத்த இரும்புப் பட்டைகள். அதே வண்டியைத் தயாரிக்க ஒப்பந்தம் பெற்ற ஃபோர்டுதான், ஒரே தகட்டில் ஒன்பது பிளவுகளை அச்சில் அழுத்தி எடுத்தது. எடையும் செலவும் குறைவு. வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. ஏழாகக் குறைந்தது 1945இல், பொதுமக்களுக்கான சிஜே-2ஏ வண்டியில். ஆக, பெற்றது ஃபோர்டு, வளர்த்தது வில்லிஸ். அந்த வில்லிஸை 1953இல் வாங்கியது யார் தெரியுமா? வளைவுக்காரரான அதே கைசர்!

வளைவை இன்று பல ஜப்பானிய, கொரிய செடான்களிலும் காணலாம். அது கண்ணாடியை முடிக்கும் ஒரு வழி. அதைத் தனியுடைமை ஆக்குவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். பிளவுகளுக்காக ஜீப் தரப்பு நீதிமன்றப் படி ஏறியது. ஹம்மர் எச்2 என்ற வண்டியின் முகப்பிலும் ஏழு பிளவுகள் இருக்கவே தடை கேட்டது. 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஹம்மரை உருவாக்கிய ஏஎம் ஜெனரலும் ஜீப்பும் முன்பு ஒரே குடும்பம், பங்காளிச் சண்டைதான்.

மஹிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்சர் என்ற வண்டி மீதான வழக்கில் முடிவு வேறு. 1947 முதல் வில்லிஸ் உறவு கொண்ட நிறுவனம் அது. ராக்சரின் முகப்பில் இருந்தவை ஐந்தே பிளவுகள். ஆனாலும் 2020இல் அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையம் ஜீப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆணையம் பிளவுகளை மட்டும் எண்ணவில்லை. பெட்டி போன்ற உடல், தட்டையான பக்கங்கள், வெளியே தெரியும் பானெட் கொக்கிகள் எல்லாம் சேர்ந்த தோற்றத்தைப் பார்த்தது. முகப்பை மாற்றிய பிறகே ராக்சருக்கு வழி பிறந்தது.

பூர்வீகத்தில் பலவீனம் என்றாலும் என் ஓட்டு ஜீப்புக்கே. சின்னத்தைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டுங்கள்; முகப்பைப் பார்த்தே குழந்தைகூட ‘ஜீப்’ என்று சொல்லிவிடும். ஒரு சிக்கல் உண்டு: காவல் நிலைய வாசலில் நிற்கும் பொலீரோவையும் அது ‘ஜீப்’ என்றுதான் சொல்லும்.