டேங்கில் தண்ணீர் புகுந்தால்: செஸ்னா 172-ஆ, பைப்பர் பிஏ-28-ஆ?

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் கண்ணில் படும் சிறு விமானங்கள் இவை இரண்டும். வேகம், விலையெல்லாம் இருக்கட்டும். எரிபொருளில் தண்ணீர் கலந்துவிட்டால் பைலட்டுக்கு எது தப்பிக்க வழி விடுகிறது?

இரண்டும் பெரும்பாலும் ஓடுவது 100எல்எல் என்ற நீல நிற விமானப் பெட்ரோலில். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் டேங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலில் என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ரன்வே வரைக்கும் ஒழுங்காக ஓடும். மேலே கிளம்பி மூக்கைத் தூக்கும்போது அடியில் கிடந்த தண்ணீர் நகர்ந்து குழாய்க்குள் இறங்கலாம். திரும்பி வந்து இறங்க உயரமே இல்லாத நேரம் அது.

செஸ்னாவுக்கு இறக்கை மேலே. பழைய கார்புரேட்டர் மாடல்களில் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும், பம்ப் தேவையில்லை. இரண்டு டேங்கிலிருந்தும் ஒன்றாக எடுக்கும் ‘போத்’ நிலையும் உண்டு. அதனால் டேங்க் மாற்ற மறந்து என்ஜினை அணையவிடும் பயம் குறைவு. ஆனால் ஒரு டேங்கில் மட்டும் தண்ணீர் இருந்தாலும் அதுவும் சேர்ந்தே வந்துவிடும்.

பைப்பருக்கு இறக்கை கீழே, பம்ப் இழுத்துத் தர வேண்டும். ‘போத்’ கிடையாது, இடது டேங்க் அல்லது வலது டேங்க் மட்டும்தான்; பறக்கும்போது மாற்றி மாற்றி வைப்பது தொல்லை. சரி, அதில் ஒரு லாபம்: என்ஜின் திணறினால் உடனே அடுத்த டேங்குக்கு மாறலாம், அது சுத்தமாக இருந்தால் பிழைத்தோம். ஆனால் தரையில் எந்த டேங்கில் என்ஜினைச் சோதித்தோமோ அதிலேயே கிளம்ப வேண்டும். கடைசி நிமிடத்தில் மாற்றினால், சோதிக்காத பெட்ரோலை நம்பி மேலே போகிறோம்.

கிளம்புமுன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கப்பில் வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்படி வடித்துப் பார்ப்பதில் என் ஓட்டு பைப்பருக்குத்தான். டேங்குக்கு ஒன்று, வடிகட்டிக்கு ஒன்று, ஆக மூன்றே இடம். 172எஸ் மாடலில் 13! நல்லதுக்குத்தான் வைத்தார்கள், அவசரமான காலையில் அத்தனையையும் யார் குனிந்து வடிக்கிறார்கள்? பைப்பரில் டேங்க் மூடியையும் நின்றபடியே திறந்து பார்க்கலாம். செஸ்னாவில் ஏற வேண்டும்.

வடித்த கப்பை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் என்றால் நீலத்துக்கு அடியில் நிறமில்லாத குமிழாகத் தெரியும். கப் முழுக்கத் தண்ணீர் என்றால் பிரியும் கோடே இருக்காது, சுத்தமான பெட்ரோல் என்று கண் ஏமாந்துவிடும். நீலம் இருக்கிறதா, வாசனை வருகிறதா என்று பார்க்காமல் கப்பைக் கவிழ்க்காதீர்கள்.

இதெல்லாம் தண்ணீருக்கு மட்டும். 1999 கடைசியில் ஆஸ்திரேலியாவின் ஆல்டோனா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து போன விமானப் பெட்ரோலில் எத்திலீன்டையமின் என்ற ரசாயனம் கலந்துவிட்டது. கப்பில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. பித்தளைப் பாகங்களில் கறுப்புப் பிசுக்காகப் படிந்தது. இறக்கை மேலே, கீழே என்ற பேதமில்லாமல் ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.