நான்கு மணிக்கு என்ன கொடுக்கிறார்கள்? கிளிநொச்சியில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு வீட்டைப் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, இரணைமடு வாய்க்கால் நீர் பாயும் குடியேற்றக் கிராமமொன்றில், ஓர் அக்கா தன் வீட்டிலேயே பாடசாலை விட்ட பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். தரம் நான்கில் படிக்கும் என் மகளும், தரம் ஒன்றில் சேர்ந்திருக்கும் மகனும் அங்கேதான் பிற்பகலைக் கழிக்கிறார்கள். இடம், பாதுகாப்பு, வீட்டுப்பாடம் ஆகியவை பற்றி வேறு பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அவை யாவும் திருப்தியாகவே உள்ளன என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். விரிவாக எழுத விரும்புவது, மாலை நான்கு மணிக்கு அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எதைத் தெரிவுசெய்து கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியே. பராமரிப்பு வீடொன்றைத் தேடும் பெற்றோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும், பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வியும் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பாடசாலை பிற்பகல் 1.30 மணிக்கு விடுகிறது. வீட்டிலிருந்து நாங்கள் கொடுத்தனுப்பும் சோற்றைப் பிள்ளைகள் இரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுகிறார்கள். இராச்சாப்பாடு எட்டு மணியை நெருங்கும்போதுதான் கிடைக்கும். இடையில் உள்ள ஆறு மணித்தியாலங்களில் ஓட்டமும் விளையாட்டும், சில பிள்ளைகளுக்கு ரியூசனும் வந்துவிடுகின்றன. சிறு வயிறு ஒரே நேரத்தில் அதிகம் கொள்ளாது. ஆகவே நான்கு மணிச் சாப்பாட்டை வாய்க்கு ருசியாக ஏதோ ஒன்று என்று எண்ணாமல், நாளின் நான்காவது வேளை உணவு என்றே கருதவேண்டும். கிழமையில் ஐந்து நாட்கள், வருடக்கணக்கில் ஒரு பிள்ளை எதை உண்கிறதோ அதுவே அதன் நாக்குக்குப் பழகிவிடுகிறது. எங்கள் பகுதியில் அம்மம்மாவோ அப்பம்மாவோ அருகில் இல்லாத வீடுகள் குறைவில்லை. முன்பு அவர்கள் அவித்தும் இடித்தும் கொடுத்தவற்றின் இடத்தைக் கடைப் பக்கற்றுகள் மிக எளிதாகப் பிடித்துக்கொண்டன.

இந்த அக்காவிடம் எழுதி ஒட்டிய உணவு அட்டவணை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய தெரிவுக்கு ஓர் ஒழுங்கு இருப்பதைச் சில கிழமைகள் கவனித்தால் புரிந்துகொள்ளலாம். அவித்த தானியமோ கிழங்கோ ஒன்று, அதனுடன் அந்தக் காலத்தில் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழம் ஒன்று, குடிப்பதற்குத் தண்ணீர். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவது மிகவும் அரிது. பெரும்பாலான திங்கட்கிழமைகளில் கௌப்பி அல்லது கடலை இருக்கும், ஞாயிறு இரவே ஊறப்போட்டுவிடலாம் என்பதால். பயறு அவிக்கும் நாளில் நான் சற்று நேரத்துடன் போக நேர்ந்து, அவர் செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தோல் வெடித்து, ஆனால் குழைந்துபோகாத பதத்தில் பயற்றை இறக்கி, நீரை முற்றாக வடித்து, சூடு தணிவதற்குள் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் மிகச் சிறிதாக அரிந்த சின்ன வெங்காயமும் சேர்த்து, கடைசியில் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுகிறார். செத்தல் மிளகாய் தாளிதம் பெரிய பிள்ளைகளின் கிண்ணத்துக்கு மட்டுமே போகிறது. அந்தத் தேசிக்காய்ப் புளி ருசிக்காக மட்டும் சேர்வதாகப் பலர் நினைப்பார்கள். பயறு, கடலை போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை; தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து சி உடன் சேரும்போது அது நன்றாக உறிஞ்சப்படுகிறது. அக்காவிடம் காரணம் கேட்டபோது, “எங்கட அம்மா அப்பிடித்தான் செய்வா” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அவித்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும், அவித்த பயற்றில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் உண்டு. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். வளரும் பிள்ளைக்கு மீனும் இறைச்சியும் ஒவ்வொரு நாளும் வாங்க இயலாத குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் முக்கியமானது. குரக்கனையும் அவர் விடுவதில்லை. குரக்கன் மாவில் தேங்காய்ப்பூ கலந்து தட்டிய சிறு றொட்டியைப் பாதி வாழைப்பழத்துடன் கொடுப்பார். குரக்கனில் உள்ள கல்சியம் அரிசியில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம், 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல். கறுப்பாக இருக்கிறது என்று முகம் சுளித்த என் மகன், மற்றப் பிள்ளைகளுடன் பாயில் வரிசையாக இருந்து சாப்பிடத் தொடங்கிய பின் அதை வீட்டிலும் கேட்கிறான். பிள்ளைகள் கூட்டமாக உண்ணும் இடத்துக்கு இருக்கும் இந்தப் பலத்தை எந்தத் தாயும் தனியாகத் தன் சமையலறையில் உண்டாக்கிவிட முடியாது.

வன்னியின் பருவங்களை அந்தக் கிண்ணங்களில் காணலாம். மாரி முடிந்து தைப்பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு வரத் தொடங்கியதும் அவித்த கிழங்கை நார் உரித்து, நடுவிலுள்ள தும்பை எடுத்துவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக முறித்துக் கொடுப்பார். அது தீர்ந்தால் மரவள்ளியும் வற்றாளங்கிழங்கும் இருக்கின்றன. வற்றாளங்கிழங்கைத் தோலுடன் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் கொடுக்கும்போது சீனி சேர்க்கவேண்டிய தேவையே ஏற்படுவதில்லை. கொடும் வெயில் காலத்தில் வத்தகப்பழமும், ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பப்பாசியும் கிடைக்கின்றன. கொய்யாப்பழத்துக்கு அவர் தனி இடம் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். தோடம்பழத்தில் உள்ளதைவிட அதில் உயிர்ச்சத்து சி பல மடங்கு அதிகம். விலையோ தோடம்பழத்தில் ஒரு பங்குதான், பல வளவுகளில் சும்மாவே பழுத்து விழுகிறது. இறக்குமதி அப்பிள்தான் சத்து என்று எண்ணிப் பணத்தைச் செலவழிக்கும் பெற்றோரிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

பாலைப்பழக் காலம் தனியாகக் குறிப்பிடப்படவேண்டியது. காட்டிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்து வீதியோரத்தில் விற்கும் அந்த மஞ்சள் பழத்தைப் பிள்ளைகள் கண்டுவிட்டால் வேறெதையும் தொடமாட்டார்கள். பழத்தின் பால் உதடுகளைப் பசைபோல ஒட்டவைத்துவிடும் என்பதால், அக்கா ஒவ்வொரு பிள்ளையின் உதட்டிலும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிய பின்னரே கிண்ணத்தை நீட்டுகிறார். கழுவாமல் எந்தப் பழத்தையும் அவர் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. கை கழுவாத பிள்ளைக்குப் பாயில் இடமும் இல்லை. “கையைக் கழுவிப்போட்டு வாங்கோ ராசா, கிண்ணம் எங்கயும் ஓடாது” என்ற அவருடைய குரல் வாசலிலேயே கேட்கும்.

பக்கற்றுகள் விடயத்தில் அவர் கண்டிப்பானவர். பெற்றோர் பிள்ளையின் பையில் வைத்தனுப்பும் மிக்சர், கிறீம் பிஸ்கற், ரொபி, உடனடி நூடில்ஸ் ஆகியவற்றை வாங்கி ஒரு கூடையில் வைத்து, வீட்டுக்குப் போகும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இது சில பெற்றோருக்கு மனத்தாங்கலை உண்டாக்கியிருக்கிறது. நான் அவருடைய பக்கமே நிற்கிறேன். ஒரு பிள்ளை பக்கற்றைப் பிரித்தால் மற்றப் பிள்ளைகளுக்குக் கையிலிருக்கும் பயறு கசந்துபோகும். அதோடு, வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும் நிலையும் இதனால் இல்லாமற் போகிறது.

பானங்களைப் பற்றிப் பெற்றோர் தெரிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2016 ஆகஸ்ட் 1 முதல் இலங்கையில் விற்கப்படும் இனிப்புக் குடிபானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இடப்படவேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. சிவப்பைத் தவிர்த்து மஞ்சளை வாங்கினால் போதும் என்று பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: மஞ்சளின் மேல் எல்லையில் உள்ள ஒரு பானத்தை 200 மில்லிலீற்றர் குடித்தால் 22 கிராம், அதாவது ஐந்தரைத் தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி நாளொன்றின் மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாகவும், இயலுமானால் ஐந்து வீதத்துக்குக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நாளுக்கு 1600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு அந்த ஐந்து வீதம் 20 கிராம்தான். ஒரு சிறு போத்தல் மஞ்சள் குறியீட்டுப் பானமே அதைத் தாண்டிவிடலாம். அக்காவின் வீட்டில் கொதித்தாறிய தண்ணீர் மட்பானையில் இருக்கிறது. வெயில் கடுமையான நாட்களில் இளநீரோ, நீர் மோரோ சேரும்.

இனி எனக்கு உடன்பாடில்லாதவற்றைச் சொல்லவேண்டும். முதலாவது தேத்தண்ணீர். சிற்றுண்டியுடன் சேர்த்தே பிள்ளைகளுக்கு இனிப்பான பிளேன்ரீ கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. தேசிக்காய் பிழிந்து கிடைத்த நன்மையைத் தேத்தண்ணீர் பறித்துவிடுகிறது. நானும் இன்னொரு தாயும் எடுத்துச் சொன்ன பிறகு சிறிய பிள்ளைகளுக்கு அதை நிறுத்திவிட்டார். பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் கிடைக்கிறது, சீனி மட்டும் குறைந்திருக்கிறது. முற்றாக நிறுத்தினால் நல்லது.

இரண்டாவது, இதைவிடப் பாரதூரமானது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கும் எவரும் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் வருவதில்லை. முல்லைத்தீவுப் பக்கத்திலும் கச்சான் பரவலாகப் பயிரிடப்படுகிறது. ஆகவே அந்த வீட்டிலும் வறுத்த கச்சான் அடிக்கடி வரும். சத்தைப் பொறுத்தவரை கச்சானுக்கு நிகரானவை சிலவே, 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சானைக் கொடுக்கக்கூடாது. அது மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, ஓடி விளையாடிக்கொண்டே கொறிக்கும்போது ஆபத்து இன்னும் கூடும். தரம் ஒன்றுக்கும் போகாத இரு சிறுவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய கையிலும் முழுக் கச்சானைக் கண்டு நான் உடனே பேசினேன். அக்கா வாதாடவில்லை. மறுநாளிலிருந்து சின்னவர்களுக்குக் கச்சானை நன்றாக இடித்து, அவித்த மாவுடனும் சிறிது சர்க்கரையுடனும் உருண்டை பிடித்துக் கொடுக்கிறார். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சண மணம் வீசும் பருப்புகளைப் பொறுக்கி எறியும் வழக்கம் அவரிடம் ஏற்கனவே இருந்தது. பூஞ்சணம் பிடித்த கச்சானில் ஈரலைப் பாதிக்கும் நச்சு உருவாகலாம் என்பதால், வீட்டில் கச்சான் வறுக்கும் எல்லோரும் இதைச் செய்யவேண்டும்.

ஒவ்வாமை பற்றிய குறிப்பு எதுவும் எழுத்தில் இல்லை என்பதும் ஒரு குறைதான். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துவராது, எந்தப் பிள்ளைக்குக் கச்சான் பட்டால் உடம்பு தடிக்கும் என்பதெல்லாம் அவருடைய நினைவில் இருக்கின்றன. அவருடைய நினைவில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆயினும் அவர் சுகவீனமுற்று அவருடைய தங்கை வந்து நிற்கும் நாளில் அந்த நினைவு சுவரிலிருக்கும் ஒரு தாளில் இருப்பதே பாதுகாப்பு. இதைப் பெற்றோராகிய நாங்களே எழுதிக் கொடுக்கலாம்.

இதற்கு முன் என் மகளைச் சில காலம் வேறோர் இடத்தில் விட்டிருந்தோம். அங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் பிஸ்கற் பக்கற் பிரிபடும். பிள்ளை வீட்டுக்கு வந்து இராச்சாப்பாட்டைத் தொடமாட்டாள். இப்போது நான் ஐந்து மணிக்கு அழைத்துவரப் போகும்போது அவள் பசியால் சிணுங்குவதும் இல்லை, எட்டு மணிக்குச் சோற்றைத் தள்ளிவைப்பதும் இல்லை. அளவும் நேரமும் சரியாக இருப்பதே இதற்குக் காரணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் கைப்பிடியளவில் முதற்கிண்ணம், கேட்டால் மட்டும் இரண்டாவது, நாலரை மணிக்குப் பின் எதுவும் இல்லை. வற்புறுத்தி ஊட்டுவதும் இல்லை, முடித்தால் ரொபி தருவேன் என்று ஆசைகாட்டுவதும் இல்லை.

சிற்றுண்டிக்கென்று தனியாகப் பணம் கேட்பதில்லை. மாதக் கட்டணத்துக்குள்ளேயே அது அடங்குகிறது. பெற்றோர் முறைவைத்துப் பழமோ தேங்காயோ கொண்டுவந்து கொடுக்கிறோம். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவரலாம், ஆனால் சிறு துண்டுகளாகவே பரிமாறப்படும். பிள்ளை விரும்பியதையெல்லாம் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இந்த இடம் ஒத்துவராது. மற்றெல்லோருக்கும் நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும் வேளையில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், அதற்கு ஒரு மாதம் முன்பே, மாலை நான்கு மணியளவில் பிள்ளையுடன் நேரில் சென்று பார்ப்பது நல்லது. அந்த நேரத்தில் போனால் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.