நரிக்கு எந்தத் தோட்டா? .22இலிருந்து .243 வரை

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிக்கப் வண்டியின் பின்கதவில் ஐந்து தோட்டாக்களை உயரவாரியாக நிற்கவைத்து எடுத்த படம். ஓரத்தில் இருந்தது சுண்டுவிரல் நுனி அளவு, மறு ஓரத்தில் இருந்தது நடுவிரல் நீளம். கீழே ஒரே வரி: "அத்தான், எதை வாங்கட்டும்?"

அனுப்பியவன் மாமா மகன். இதே அல்சூரில் வளர்ந்தவன், இப்போது ஆஸ்திரேலியாவில் டப்போ ஊருக்கு வெளியே ஒரு செம்மறிப் பண்ணையில் மேலாளர். சிட்னியிலிருந்து சாலைவழி சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அந்த ஊர். குட்டி போடும் பருவத்தில் நரி வந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப்போகிறது. முயல் வளை தோண்டி மேய்ச்சலைக் கெடுக்கிறது. இரண்டுமே அந்த மண்ணுக்கு வந்தேறிகள். 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்ற விக்டோரியா மாகாணப் பண்ணையார், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டஜன் முயலை அவிழ்த்துவிட்ட கதை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தொல்லையை ஒழிக்கச் சுடுவதற்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது.

நம் ஊரில் கதை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைத் தொட்டாலே ஜெயில். லைசென்ஸ் இல்லாமல் இங்கே வாங்கக்கூடியது .177 காற்றுத் துப்பாக்கி மட்டும் (இந்த எண்கள் குண்டின் அகலம், அங்குலக் கணக்கில்), அதுவும் 20 ஜூல் ஆற்றலுக்குள். நான் கிளப்பில் .22 வைத்து 50 மீட்டரில் காகிதம் சுடுகிறவன், அவ்வளவுதான். ஆனால் குண்டின் வேகம், தாழ்வு, விலகல் எல்லாம் போட்டிருக்கும் தோட்டா அட்டவணை படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அது அவனுக்குத் தெரியும்.

திருப்பி நான் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு தூரத்தில் சுடுவாய், மச்சான்?"

"முன்னூறு மீட்டர்!"

முன்னூறு என்று சொல்லாத துப்பாக்கிக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. "நம் மாடியிலிருந்து மெட்ரோ பாலம் கிட்டத்தட்ட முன்னூறு மீட்டர்" என்றேன். "அங்கே தூணடியில் படுத்திருக்கும் நாயின் நெஞ்சு உனக்குத் தெரியுமா? நரியின் நெஞ்சுக்கூடு ஒரு பெரிய சாத்துக்குடி அளவுதான். அதுவும் ராத்திரியில்." கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

போன வருடம் மூன்று வாரம் அங்கே போயிருந்ததால் எனக்கு நிலவரம் தெரியும். அடிபட்ட முயல் கத்துவது போல ஒலிக்கும் ஒரு தகர விசிலை வாயில் வைத்து ஊதுவார்கள். நரி தானாகவே ஐம்பது, அறுபது மீட்டருக்கு வந்து நிற்கும், டார்ச் வெளிச்சத்தில் கண் இரண்டும் கங்கு மாதிரி. சில கிழட்டு நரிகள் மட்டும் விசிலை அறிந்துகொண்டு 150, 200 மீட்டரிலேயே உட்கார்ந்துவிடும். ஆக அவனுக்கு வேண்டியது 200 மீட்டர் வரை நம்பத்தக்க ஒன்றும், வீட்டருகே முயலுக்கு ஒன்றும்.

முயலுக்கு என்றால் .22 லாங் ரைஃபிள். வேறு பேச்சே வேண்டாம். சுடும்போது தோளில் உதை கிடையாது, மலிவு, ஒலிவேகத்துக்குக் கீழே போகும் தோட்டா போட்டால் கொட்டகையில் இருக்கும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. டப்போ இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சைலன்சருக்குத் தடை இருப்பதால் இந்தச் சத்தக் கணக்கு முக்கியம். குறை என்னவென்றால் குண்டு மெதுவாகப் போகிறது. குறியை 50 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால் 100 மீட்டரில் அரை அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். ஈயக் குண்டு கல்லில் பட்டால் சிதறாமல் எகிறிப்போவது இன்னொரு வம்பு. டப்பாவிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் இதைச் சுடவே கூடாது என்று அவனிடம் இரண்டு முறை சொன்னேன்.

அப்புறம் .17 எச்எம்ஆர். 2002ல் ஹார்னடி என்ற அமெரிக்கத் தோட்டாக் கம்பெனி கொண்டுவந்தது. .22இன் பெரிய அண்ணனான .22 மேக்னம் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி, 17 கிரெய்ன், அதாவது 1.1 கிராம் எடையுள்ள குண்டைச் செருகியிருக்கிறார்கள். நொடிக்கு 2550 அடி வேகம், .22ஐப்போல இரண்டு மடங்கு. நூறு மீட்டரில் நூல் பிடித்த மாதிரிப் போகும். பட்ட இடத்திலேயே குண்டு நொறுங்கிவிடுவதால் எகிறும் பயமும் குறைவு. காகிதத்தில் படித்தபோது எனக்கே ஆசை வந்தது.

ஆசை ஒரே ராத்திரியில் போய்விட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் .17ஐ எடுத்து வந்திருந்தார். டார்ச் பிடித்தது நான். ஒரு நரி விசிலுக்கு மசியாமல் 180 மீட்டர் தள்ளி, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கமிருந்து காற்று, பலமில்லை, கன்னத்தில் சில்லென்று படுகிற அளவுதான். அவர் வேலிக்கம்பத்தில் சாய்ந்து நிதானமாகத்தான் சுட்டார். நரிக்கு வலப்பக்கம் ஒரு அடி தள்ளிப் புழுதி கிளம்பியது. நரி எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஓடக்கூட இல்லை, நடந்து போனது.

மறுநாள் அட்டவணையைப் புரட்டினால் அப்படியே இருக்கிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் .17இன் குண்டு 200 கெஜத்தில் ஒரு அடிக்கு மேல் விலகும். அதே காற்றில், அதே தூரத்தில், .223 அரை அடிக்குள் நிற்கும். குண்டு லேசு என்றால் காற்று அதைத் தன் பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. புழுதி தள்ளிக் கிளம்பியதாவது பரவாயில்லை, வயிற்றில் பட்டு நரி புதருக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. காற்றில்லாத ராத்திரி, 120 மீட்டருக்குள் என்றால் .17 நல்ல சாமான். டப்போவின் சமவெளியில் காற்றில்லாத ராத்திரி எத்தனை வரும் என்று அவனே எண்ணிச் சொல்லட்டும்.

உண்மையான போட்டி .223 ரெமிங்டனுக்கும் .22-250 ரெமிங்டனுக்கும்தான். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டுமே ஒரே 5.7 மில்லிமீட்டர் குண்டைத்தான் துப்புகின்றன. .22-250இல் வரும் '250', பழைய .250 சாவேஜ் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்து சுருக்கிச் செய்ததால் ஒட்டிக்கொண்ட எண். ரெமிங்டன் கம்பெனி அதைக் கடைத் தோட்டாவாக்கியது 1965ல். வித்தியாசம் குண்டுக்குப் பின்னால் இருக்கும் வெடிமருந்தில்: .223இல் சுமார் 1.6 கிராம், .22-250இல் சுமார் 2.3 கிராம். 55 கிரெய்ன் குண்டு .223இல் நொடிக்கு 3240 அடி போனால் .22-250இல் 3680 அடி.

கேட்கப் பெரிய வித்தியாசம்தான். இரண்டையும் 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்து, 300 கெஜத்தில் எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். .223 பதினாறு, பதினேழு சென்டிமீட்டர்; .22-250 பன்னிரண்டு. இரண்டு விரற்கடை! இதற்காக நாற்பது சதவீதம் கூடுதல் மருந்தை எரித்து, பேரலின் தொண்டையை, அதாவது குண்டு நுழையும் இடத்தை, சீக்கிரம் அரித்துக்கொள்ள வேண்டும். நாலைந்து தோட்டா தொடர்ந்து சுட்டால் பேரலில் கை வைக்க முடியாது. திறந்த சமவெளியில் நாள் முழுக்க 300க்கு அப்பால் சுடுகிறவன் .22-250 எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன், வெகுதூரத்தில் அது ராஜா. ஆனால் விசில் ஊதி நரியைக் கூப்பிடுகிறவனுக்கு எதற்கு?

.223 ராணுவத்தின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவோடு கூடப்பிறந்தது. அதனால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் செய்கிறார்கள். சின்ன ஊர்க் கடையிலும் நாலு விதமாவது கிடைக்கும், உதை குறைவு என்பதால் சுட்ட குண்டு பட்டதா என்று ஸ்கோப்பிலேயே, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியிலேயே, பார்த்துக்கொள்ளலாம். பழகப் பழகத்தான் குறி வரும், பழக மலிவான தோட்டா வேண்டும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

படத்தில் இருந்த கடைசி ஆள் .243 வின்செஸ்டர், 1955ல் வந்தது. 100 கிரெய்ன் குண்டு போட்டால் காட்டுப்பன்றிக்கும் ஆகும். அவன் பண்ணைப் பக்கம் பன்றி வருவது அபூர்வம் என்கிறான். நரிக்கு இது கொசுவுக்கு உலக்கை. .204 ரூகர் படத்தில் இல்லை, ஆனால் யாராவது கேட்பார்கள்: 32 கிரெய்னில் நொடிக்கு 4225 அடி, மின்னல்தான். அவன் ஊர்க் கடையில் அந்தத் தோட்டா எப்போதாவதுதான் வருகிறதாம். அதோடு பேச்சு முடிந்தது.

ஒரே துப்பாக்கிதான் என்றால் .223 என்றுதான் சொல்லியிருப்பேன். அவனிடம் ஏ, பி இரண்டு வகைக்கும் லைசென்ஸ் இருக்கிறது: ஏ வகை, தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் .22 மாதிரி ரிம்ஃபயர்களுக்கு; பி வகை, அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் .223 மாதிரி சென்டர்ஃபயர்களுக்கு. அதனால் இப்போதைக்கு .22, குட்டி போடும் பருவத்துக்குள் .223 என்று எழுதி அனுப்பினேன்.

.22 வாங்கிவிட்டான். நேற்று ஒரு காகித இலக்கின் படம் வந்தது, 50 மீட்டர், பத்துத் தோட்டா. ஒன்பது ஒரு ரூபாய் நாணயத்துக்குள். பத்தாவது வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி. "காற்று, அத்தான்" என்று கீழே எழுதியிருக்கிறான்.