ஆறு வருடம் கச்சேரிப் பதிவும் பழைய படமுமாக ஓடிய ஒரு செட்டப்

இந்த செட்டப்பை வாங்கி இந்த மாதத்தோடு ஆறு வருடம் முடிகிறது. 55 அங்குல ஓலெட் டிவி (திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை), ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஒரு ஏவி ரிசீவர், முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரு சென்டர், பின்னால் சின்னதாக இரண்டு, அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், ஒரு ப்ளூரே பிளேயர். மாடல் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. பாதி இப்போது கடையில் கிடைக்காது, நான் சொல்ல வருவதற்கு மாடல் முக்கியமும் இல்லை. புதுப் படம் பார்க்கத்தான் வாங்கினேன். ஆனால் பத்து மணி நேரம் ஓடியது என்றால் அதில் எட்டு மணி நேரம் லைவ் கச்சேரிப் பதிவுகள், பழைய படங்கள், சின்ன வயதில் பார்த்த தொடர்கள். இதற்கென்று யாரும் சோதித்து எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

முதல் வாரம் அப்பா வந்திருந்தார். அவருக்குப் பிடித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டேன். ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். "என்னடா, படம் சீரியல் மாதிரி ஓடுது?" என்றார். எனக்கும் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. அவர் சரியாகப் பிடித்துவிட்டார். படம் எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேமில். டிவியோ ஒவ்வொரு இரண்டு ஃபிரேமுக்கும் நடுவில் தானே புது ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகி, எல்லா அசைவையும் வழுக்கிக்கொண்டு போக வைத்திருந்தது. நொடிக்கு 50, 60 முறை பதிவு செய்யும் வீடியோ கேமராவில் எடுத்த சீரியல்களுக்குத்தான் அந்த வழுக்கல் உண்டு. மெனுவுக்குள் தேடி மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்தேன். "ஆங், இப்பதான் படம்" என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து நான் இந்த டிவியில் செய்ததெல்லாம் அணைக்கிற வேலைதான். ஷார்ப்னெஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று ஒவ்வொன்றாக. பழைய படத்தில் மினுமினுவென்று ஓடுவதை டிவி அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பிம்பமே வெள்ளித் துகள்களால் ஆனதுதான். துகளைத் துடைத்தால் கன்னத்தின் சுருக்கமும் புடவையின் நெசவும் கூடவே போய்விடும், மிஞ்சுவது மெழுகு பொம்மை. சில டிஸ்க்குகளில் அந்தத் துடைப்பு வேலையை வெளியிட்டவர்களே செய்து வைத்திருப்பார்கள். அதற்கு நம் கையில் மருந்து இல்லை.

ஸ்மூத்திங்கை முழுக்க அணைத்தால் ஓலெட்டில் இன்னொரு தொல்லை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் திரை கண் இமைப்பதற்குள் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குப் போய்விடும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகள் அதனால் விட்டுவிட்டு நகர்வது போலத் தெரிகின்றன. அதனால் பிறகு ஸ்மூத்திங்கைப் பத்து அளவுகளில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அப்பா கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அது சரியான அளவு.

அகலம் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொடர்கள் 4:3 சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. அதை 16:9 திரை நிறைய வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால் பங்கு போய்விடும். இழுத்து நிரப்பினால் எல்லோர் முகமும் பூசணி. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். பட்டை நிரந்தரமாகத் திரையில் பதிந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். ஆறு வருடம் கழித்து முழுத்திரையையும் சாம்பல் நிறமாக்கி உற்றுப் பார்த்தால் ஓரங்கள் ஒரு இழை பிரகாசமாகத் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால்தான்.

இன்னொரு விஷயம் எனக்குத் தெரிய வர மூன்று வருடம் ஆனது, அதுவும் மகள் புண்ணியத்தில். கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தவள், பழைய படம் ஒன்றில் வரும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தாள். எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேரவில்லை. ஒரு கட்டையில் பாட்டு மேலே நின்றது, அடுத்த கட்டையில் கீழே. கீபோர்டு கெட்டுவிட்டது என்றாள். கெட்டது கீபோர்டு இல்லை. அது பால் (PAL) முறை டிவிடி, நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டிவி முறைக்கானது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டி டிஸ்க்கில் ஏற்றியிருந்தார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். சுருதியும் கீபோர்டில் அடுத்த கட்டைக்கு உள்ள தூரத்தில் பாதியைவிடச் சற்று அதிகமாக ஏறும். அதாவது ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் போய் நிற்கும். எந்தக் கட்டையிலும் உட்காராமல் போனது அதனால்தான். நான் இத்தனை வருடம் அந்தப் பாடகருக்கு மெல்லிய குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே படம் ப்ளூரேயில் 24 ஃபிரேமிலேயே வந்தபோது குரலில் ஒரு கனம் கூடியிருந்தது. முதலில் எனக்கு அது அந்நியமாகக்கூட இருந்தது.

சரி, கச்சேரிக்கு வருவோம். இங்கே விஷயம் தலைகீழ். பழைய படத்தில் கண்ணுக்காக மெனக்கெட்டேன், கச்சேரியில் காதுக்காக. படம் சுமாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் மறந்துபோகும். சத்தம் சுமாராக இருந்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் 5.1 ட்ராக்கில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலியில் கேட்டேன். பின்னால் கைதட்டல், முன்னால் மேடை, நடுவில் நான் என்று பிரமாதமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு விசில்காரன் எரிச்சல்படுத்த ஆரம்பித்தான். ஒரு குறிப்பிட்ட பதிவில் இடது பின் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறான். மெதுவான பாட்டு முடிந்து கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் காதோரம் ஊதிவிடுவான். நூறாவது தடவையும் அதே இடத்தில் ஊதுவான்.

அதைவிடப் பெரிய சிக்கல் குரல். பல 5.1 கலவைகளில் பாடுகிற குரல் சென்டர் ஸ்பீக்கருக்கு மட்டுமே போகிறது. என் சென்டர் டிவிக்குக் கீழே தாழ்வான தட்டில் இருக்கிறது, ஆளும் சின்னது. பாடகர் முழங்காலிலிருந்து பாடுவது போல இருந்தது. அதே டிஸ்க்கில் பெரும்பாலும் சுருக்கப்படாத ஸ்டீரியோ ட்ராக் ஒன்று இருக்கும். ஒரு நாள் சும்மா அதற்கு மாற்றினேன். குரல் சட்டென்று முகம் இருக்கிற உயரத்துக்கு ஏறியது. இரண்டு நல்ல ஸ்பீக்கர்களும் சேர்ந்து அதை நடுவில் நிறுத்தின. பாஸ் கிட்டார் எங்கே, டிரம்ஸ் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். பெரிய மைதானத்தில் பதிவானது என்றால் இன்னமும் 5.1தான் கேட்பேன், அந்த விரிவு இரண்டு ஸ்பீக்கரில் வராது. மற்றதெல்லாம் ஸ்டீரியோ. பின் ஸ்பீக்கர்களை முதலில் வாங்காமல் அந்தப் பணத்தையும் முன் ஸ்பீக்கர்களில் போட்டிருக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் கச்சேரி பார்ப்பவர்கள் பாட்டைக் கேட்டுத் தரத்தை எடை போடாதீர்கள். கைதட்டலைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வெடிப்புகள் ஒரே நேரத்தில் வருவதால் ஒலியைச் சுருக்கும் முறைகளுக்குக் கைதட்டல் போலச் சிரமமானது குறைவு. நல்ல பதிவில் தனித்தனிக் கைகள் கேட்கும். அதிகம் சுருக்கியதில் யாரோ காகிதத்தைக் கசக்குவது போல இருக்கும். படத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு: ஊதா விளக்கும் புகையும் சேர்ந்த காட்சி. ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது, டிவிடியில் 9.8தான். விளக்குகள் வெட்டிவெட்டி மின்னும்போது டிவிடி புகையைச் சதுரம் சதுரமாக்கிக் கொடுத்துவிடும்.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தாத பிரச்சினைக்கும் எனக்குக் கச்சேரிதான் கைகொடுத்தது. டிவி படத்தைப் பதப்படுத்தக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி முந்திவிடும். ஒலி பிந்துவதை மூளை பொறுத்துக்கொள்ளும், தூரத்தில் நடப்பதெல்லாம் அப்படித்தானே கேட்கிறது. முந்தினால் உடனே உறுத்தும். பழைய படப் பாட்டை வைத்து இதைச் சரிசெய்யப் போய் ஒரு மாலை முழுக்க வீணானது. பின்னணி பாடியதற்கு வாயசைத்த காட்சி, அதில் பொருத்தம் தேடினால் எப்படி? டிரம்ஸ் வாசிப்பவரை அண்மையில் காட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி ஸ்நேர் டிரம்மில் படுகிற கணத்தைப் பார்த்துக்கொண்டே ரிசீவரில் தாமதத்தைக் கூட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் கண்ணும் காதும் ஒட்டும். என் வீட்டில் 80 மில்லிசெகண்டு.

இப்படி டிரம்ஸ்காரரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே பாட்டுக்குள் அவர் மணிக்கட்டுப் பட்டை கறுப்பாக இருந்தது, வெள்ளையானது, மறுபடி கறுப்பானது. இரண்டு இரவுகளில் எடுத்ததை ஒட்டியிருக்கிறார்கள். லைவ் என்று அட்டையில் போட்டிருந்தாலும் பிசிறடித்த வரிகளைப் பிறகு ஸ்டுடியோவில் திரும்பப் பாடிச் சேர்ப்பதும் பழைய வழக்கம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் நான்கு நொடிக்கு ஒரு தரம் மேடையை விட்டுக் கூட்டத்துக்குத் தாவும் எடிட்டிங் மேல். 1984இல் வந்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்ற கச்சேரிப் படத்தில் கூட்டத்தைக் கிட்டத்தட்ட கடைசி வரை காட்டவே மாட்டார்கள். வாசிக்கிற விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை.

தொடர்கள் விஷயத்தில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, பழசு புதுசைவிடத் தெளிவாக இருப்பது. 1951இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'ஐ லவ் லூசி'யை 35 மிமீ ஃபிலிமில் எடுத்தார்கள். நெகட்டிவ் இருப்பதால் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. அதற்கு முப்பது வருடம் பிந்திய, வீடியோ டேப்பில் எடுத்த தொடர்களோ என் திரையில் ஈரத் துணியால் துடைத்தது போலத் தெரிகின்றன. டேப்பில் இருப்பது அவ்வளவுதான், எந்த டிவியும் அதற்கு மேல் கறக்க முடியாது. ஃபிலிமில் எடுத்து டேப்பில் எடிட் செய்த தொடர்கள் இரண்டும்கெட்டான். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' அப்படிப்பட்டது. 2012இலிருந்து அதை ப்ளூரேயில் கொண்டுவர நெகட்டிவ்களைத் தேடியெடுத்து, ஸ்கேன் செய்து, எடிட்டிங்கை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. எல்லாத் தொடருக்கும் அவ்வளவு செலவு செய்ய ஆள் கிடைக்காது.

என்னிடம் டிவியிலிருந்து பதிவு செய்த விஹெச்எஸ் டேப்புகளும் கொஞ்சம் இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் படத்தின் அடியில் ஒரு பட்டை நெளிந்துகொண்டே இருக்கிறது. டேப் கெட்டுவிட்டதோ என்று பதறினேன். அது அன்றைக்கும் இருந்ததுதான். விசிஆரில் டேப்பைப் படிக்கும் ஒரு ஹெட் விட்டு அடுத்த ஹெட் எடுக்கும் இடம் அது. பழைய குண்டு டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்ததால் நாம் பார்த்ததில்லை. அந்த டேப்புகளில் தொடரைவிட நாங்கள் ரசிப்பது இடையில் மாட்டிக்கொண்ட விளம்பரங்களைத்தான். அன்றைக்கு அவற்றைத் தவிர்க்கத்தான் பதிவை நிறுத்திவைக்கும் பட்டனில் கட்டை விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளையாகப் பல தடவை தூங்கியிருக்கிறேன்.

பழைய தொடரை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒன்று என்று கணக்குப் போட்டு எழுதியவை. அடுத்தடுத்துப் பார்த்தால் அதே நகைச்சுவை, அதே சமாதானம், அதே முன்கதை திரும்பத் திரும்ப வந்து சலித்துவிடும். இரவுக்கு ஒன்று, டைட்டில் பாட்டையும் விடாமல்.

தேய்மானம்: ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் பட்டனின் குறி அழிந்துவிட்டது. ரிசீவருக்கும் டிவிக்கும் இடையில் எப்போதாவது பேச்சுவார்த்தை முறிந்து திரை கறுப்பாகும், ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சரியாகும். ஐந்தாவது வருடத்தில் ப்ளூரே பிளேயரின் ட்ரே திறக்க மறுத்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. புது பெல்ட் மாட்டியதும் சரியாகிவிட்டது. அந்த ஒரு வாரம் டிஸ்க் இல்லாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் சில 2018, 2019 வாக்கிலேயே புது ப்ளூரே பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தத் தொடங்கிவிட்டன. அதனால் இன்னொன்றை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியைப் பிரிக்கவில்லை, அலமாரி மேல் இருக்கிறது.