பழைய பஜிரோ ஜீப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்குப் போனது 7 இலட்சத்து 98 ஆயிரத்து 500 ரூபா

இப்போது இரவு பதினொரு மணி. சாயந்தரம்தான் கராஜில் கடைசிக் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது. 7 இலட்சத்து 98 ஆயிரத்து 500 ரூபா! வாகனத்தின் விலை வேறு. இது வாங்கி ஏழு வாரத்துக்குள் அதற்குள்ளேயே கொட்டிய காசு.

நான் ஹட்டன் பக்கம் ஹயர் ஓடுகிறவன். நுவரெலியா, எல்ல, ஹோர்ட்டன் சமவெளி என்று சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு வேன் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஜீப் இருக்கிறதா என்று கேட்கிறார்களே என்று வேனை 31 இலட்சத்துக்குக் கொடுத்தேன். அம்மாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் 9 இலட்சம், மனைவியின் நகையை அடகு வைத்து 8 இலட்சம். ஆக 48. அம்மா 34 வருடம் தேயிலைக் கொழுந்து கொய்த காசு அது. அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது.

48 இலட்சத்துக்கு முப்பது வருடப் பழைய வாகனமா என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்பீர்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பழையதுதான் கதி.

இணையத்தில் ஒரு விளம்பரத் தளத்தில் பார்த்தேன். மலையிறங்கிக் கொழும்புப் பக்கம் போகும் வழியில் ஒரு கார் சேல், பழைய வாகனம் விற்கிற இடம். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். 4எம்40 என்ஜின், 2.8 டீசல் டர்போ, ஜப்பானிலிருந்து வந்த பஜிரோ. பெயின்ட் பளபளவென்று இருந்தது. மீட்டரில் 1 இலட்சத்து 48 ஆயிரம் கிலோமீற்றர். பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது, மீட்டர் சொல்வதைவிட அதிகம் ஓடியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தேன், அதுதான் என்னை இன்னும் குடைகிறது.

காலை ஏழரைக்குப் போனேன். பொனட்டைத் தொட்டால் சூடு. "தம்பி வர்றாருன்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்றார் முதலாளி. எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்! குளிர்ந்த என்ஜினை நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கான அக்கறை அது.

பிளேன்டீ வந்தது. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நானும் தோட்டத்துப் பிள்ளைதான் தம்பி. அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஃபெக்டரில இருந்தாரு. லயத்துலதான் வளர்ந்தேன்" என்றார். காசு எப்படிச் சேர்த்தேன் என்று கேட்டார். அம்மாவின் ஈபிஎஃப் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தக் காசுல நான் லாபம் பார்க்க மாட்டேன். ஐம்பதாயிரம் குறைச்சிக்கிறேன்" என்று 48 இலட்சத்து 50 ஆயிரத்தை 48 ஆக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னோடு பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிப்போக இருந்தேன். அவருக்கு அன்றைக்கு வேலை, வேறு நாள் பார்ப்போம் என்றார். நான் அவசரப்பட்டேன். நம்ம ஆள் நம்மளை ஏமாற்றுவானா என்று நினைத்தேன்.

தட்டையான பாதையில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். நல்ல இழுவை. சூட்டு முள் பாதிக்கும் கீழேயே நின்றது. என்ன குளிர்ச்சியாக ஓடுகிறது பார் என்று சந்தோஷம் வேறு. உள்ளே தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் தட்டைப் பாதையில் என்ஜின் சரியாகச் சூடேறாது.

வீட்டுக்குக் கொண்டு வந்தது இரவில், மழையில், தனியாக. ஒன்றும் தெரியவில்லை. பதினொராம் நாள் கட்டுநாயக்கவிலிருந்து ஆறு பேர், பெட்டி படுக்கை, ஏசி. கித்துள்கலை தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில் முள் மேலே போகத் தொடங்கியது. ஏசியை நிறுத்தினேன். ஹீட்டரைப் போட்டேன். அடுத்த வளைவில் பொனட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி. வந்தவர்கள் இறங்கி நின்று நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதுபோல அதைப் படம் எடுத்தார்கள். வேறு வேன் பிடித்து அனுப்பி, வாங்கிய முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்ததில் 38,500. வாகனத்தை ஹட்டனுக்குத் தூக்கி வந்ததற்கு 35,000.

மறுநாள் காலை பாஸ் ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். உலை கொதிப்பதுபோல் குமிழி. "தம்பி, ஹெட் போயிருக்கு" என்றார். என்ஜினின் மேல்மூடியைத்தான் ஹெட் என்பார்கள். கழற்றினால் இரண்டு சிலிண்டரில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு. இந்த என்ஜினுக்கு அலுமினிய ஹெட், கீழே பிளாக் இரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், ஒரு தரம் தண்ணீரில்லாமல் கொதித்தாலே வெடித்துவிடலாம் என்று விளக்கினார். ஒழுங்காகத் தண்ணீர், கூலன்ட் பார்த்து ஓட்டினால் நல்ல என்ஜின் என்றும் சொன்னார். வாகனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரேடியேட்டர் குழாய்களில் பழுப்புச் சேறு. ஓட்டை அடைக்க ஊற்றும் மருந்தாம். விற்கும்வரை தாங்கினால் போதும் என்று ஊற்றியிருக்கிறார்கள்.

புது ஹெட் 3 இலட்சத்து 20 ஆயிரம். கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகக் கடைகளில், பழையது பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதுவும் வெடித்ததாக இருந்தால் திரும்பவும் அழ வேண்டும் என்று பாஸ் வேண்டாம் என்றார். காஸ்கெட் செட், ஹெட் போல்ட் 58,000. லேத் வேலை 42,000. ரேடியேட்டர் 75,000. ரேடியேட்டர் விசிறியைச் சுழற்றும் ஃபேன் கிளட்ச் பிடிக்காமல் சும்மா சுற்றியது, அது 36,000. வாட்டர் பம்ப், ஹோஸ் 34,000. தெர்மோஸ்டாட் வெறும் 6,000! கூலி 90,000. முன்பக்க பால் ஜொயின்ட், புஷ் எல்லாம் ஆடியது, 64,000. ஹயரில் போனதையும் தூக்கிவந்த காசையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 7 இலட்சத்து 98 ஆயிரத்து 500.

கார் சேலுக்கு எடுத்த போன்களைச் சொல்கிறேன். முதல் நாள்: "தண்ணி குறைஞ்சிருக்கும் தம்பி, ஊத்திட்டு ஓட்டுங்க." மூன்றாம் நாள்: "நம்ம பாஸ்கிட்ட கொண்டு வாங்க, பார்ப்போம்." ஹெட் இல்லாத வாகனத்தை எப்படி ஐயா கொண்டு வருவது? அடுத்த வாரம் குரலே மாறிவிட்டது. "பழைய வாகனம்தானே, ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க? உள்ளபடி ஏத்துக்கிறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க." ஆமாம், போட்டிருக்கிறேன். பிளேன்டீ குடித்துக்கொண்டே சிங்களத்தில் இருந்த தாளில் போட்டேன். அப்புறம் என் நம்பரை எடுப்பதே இல்லை. மனைவியின் நம்பரிலிருந்து எடுத்தால் ஒரு பையன், "முதலாளி வெளிய போயிருக்காரு" என்றான். பின்னால் அவர் குரல் கேட்டது. நேரில் போனேன். தோட்டத்துப் பிள்ளை என்னைத் தெரியாதவர்போல் பார்த்தார். விளம்பரத் தளத்துக்கு எழுதினேன், நாங்கள் விளம்பரம் போடுகிறவர்கள் மட்டும்தான் என்று இரண்டு வரி வந்தது.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய நம்பர் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

விவரமாகப் பத்து விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். பொனட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆறிய ரேடியேட்டரில் மட்டும் மூடியைத் திறந்து குமிழி, சேறு பாருங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மேட்டில் ஓட்டாமல் வாங்காதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கையும் பாருங்கள், நுவரெலியா உயரத்தில் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பாஸுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃபோர் வீல் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டே இருக்கிறது. வெக்குவம் சொலினொய்டாம், அதற்கு இப்போது காசில்லை. எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது என்று அம்மா கேட்டார், சர்விஸுக்கு நாற்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு ஹோர்ட்டன் சமவெளிக்கு ஹயர். படுக்கப் போகிறேன்.