மகிட்டா 2012என்பி: முனையில் குழி விழாமல் இழைக்குமா?

தேக்கு, வேங்கை, வாகை. என் பட்டறையில் மேசையும் அலமாரியும் பெரும்பாலும் இந்த மூன்றில்தான். பலகைகளை ஒரே கனத்துக்குக் கொண்டுவர மகிட்டா 2012என்பி திக்னஸ் பிளேனர் வைத்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஸ்னைப், அதாவது பலகை முனையில் குழி, விழுமா?

இந்த அளவிலுள்ள எந்த பிளேனரிலும் விழும். இதில் அதை அடக்குவது சுலபம், அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பலகையை இழுக்க, பிளேடு சுழலும் கட்டருக்கு முன்னால் ஒரு உருளை, பின்னால் ஒரு உருளை. நடுப்பகுதி ஓடும்போது இரண்டும் சேர்ந்து அமுக்கும். முனை நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒன்றின் பிடிதான். ஆறடி வேங்கைப் பலகை என்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் தன் கனத்திலேயே தொங்கும், உள்ளே இருக்கும் முனை எழும்பி பிளேடில் முட்டும். கடைசி இரண்டு மூன்று அங்குலம் மட்டும் கூடுதலாகச் சீவிவிடும். விரலால் தடவினால் லேசான படி, அவ்வளவுதான். பாலிஷ் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், குறுக்கே கோடு பளிச்சென்று தெரியும். தேக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். வேங்கையில் கை ஓய்ந்துவிடும்.

மகிட்டாவில் கட்டர் தலை தானாகவே இறுகிக்கொள்ளும், ஆட்டம் இருக்காது. மீதி நம் கையில். முன்னும் பின்னும் உள்ள மடக்கு மேசைகளின் உயரத்தைத் திருத்திக்கொள்ளலாம். சமமாக வைத்தால் போதும் என்பார்கள். கனமான மரத்துக்குப் போதாது. இரண்டு வெளி ஓரங்களிலும் படும்படி நீளமான மட்டக்கட்டையை வைத்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும். அந்த அளவுக்கு ஓரங்கள் உயர்ந்திருக்கட்டும்.

அப்புறம், பலகைகளை ஒன்றன் வால் அடுத்ததன் தலையைத் தொடும்படி இடைவெளி விடாமல் அனுப்புங்கள். முதலிலும் கடைசியிலும் அதே கனத்தில் வேண்டாத துண்டு போகட்டும், குழி அதில் விழும். ஓரங்குலம்கூட வீணாக்க முடியாத பலகையா? இரு பக்கமும் பலகையைவிட நீளமான சட்டங்களை ஒட்டி இழையுங்கள்.

அகலம் 304 மி.மீ. வரை, உயரம் 155 மி.மீ. வரை கொள்ளும். 150 மி.மீ.க்குக் குறைந்த அகலத்தில் ஒரே ஓட்டத்தில் 3 மி.மீ., அதாவது ஏறத்தாழ ஒரு நூல், எடுக்கலாம் என்கிறது கம்பெனி. வேங்கையில் அதை முயலவே வேண்டாம். கடைசி ஓட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் நான் எடுப்பதில்லை. பிளேடுக்கு இரு பக்கமும் கூர், ஒன்று மழுங்கினால் திருப்பிப் போடலாம். புதுக்கூரை வாகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நார் முறுக்கி ஓடும் இடங்களில் பெயராமல் வரும்.

சத்தம் அதிகம். காது அடைப்பான் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். எப்போதாவது ஒன்றிரண்டு பலகை இழைப்பவர்களுக்கு மரக்கடை மெஷினே போதும். வாரா வாரம் மரம் இழைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.